மண்டோதரி நடந்து வந்த வழி

மே 8, 2025

ஆறு மாதமாக மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்த மண்டோதரி கதையை இன்று தொடங்கியே விட்டேன். முதலில் சீதையைத்தான் எழுத நினைத்தேன். ஆனால் சீதைக்காகப் பேச ஆள் இருக்கிறது. 1943இலேயே புதுமைப்பித்தன் அவளை அகலிகையோடு உட்காரவைத்துப் பேசவிட்டுவிட்டார். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இலங்கை அரசியை எழுதாமல் வேறு யாரை எழுதுவது?

முதல் வரி: 'நான் மயன் மகள், இராவணன் மனைவி, இந்திரசித்தின் தாய்.' வாசித்தால் அடையாள அட்டை விண்ணப்பம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

மே 10

கம்பனை எடுத்தேன். இராவணன் உடம்பில் எள் வைக்கவும் இடமில்லாமல் அம்பு துளைத்திருக்கிறது. சானகி மேல் வைத்த காதல் உள்ளே எங்காவது ஒளிந்திருக்குமோ என்று அந்த அம்பு உடலுக்குள் புகுந்து தடவித் தேடியதோ என்று மண்டோதரி கேட்கிறாள். அவள் புலம்பலிலும் சீதை வந்துவிடுகிறாள் பாருங்கள்.

இப்படிப் பாடவைத்தவளைக் கம்பன் கொஞ்சத்திலேயே கொன்றுவிடுகிறார். கணவன் மார்பைத் தழுவுகிறாள், உயிர் போய்விடுகிறது. பட்டிமன்ற மேடைகளில் இந்த இடத்தைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன். இன்றைக்குக் கோபம்தான் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"செத்திட்டாளோ? அப்ப அவளுக்குச் சுகம்" என்றார்.

மே 12

வெசாக், புத்தர் திருநாள். தெருவெல்லாம் வெளிச்சக்கூடுகள், எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் நடக்க வழியில்லை. ஒரு வரியும் எழுதவில்லை.

மே 14

57ஆம் ஒழுங்கை, தமிழ்ச் சங்க நூலகம். வால்மீகியின் தமிழ் மொழிபெயர்ப்பில் யுத்த காண்டத்தை வாசித்தேன். இங்கே மண்டோதரி சாகவில்லை! புலம்பி முடித்த பிறகும் உயிரோடு இருக்கிறாள். புலம்பலும் வேறு மாதிரி.

குலத்திலோ அழகிலோ பண்பிலோ மைதிலி எனக்கு மேலுமில்லை, நிகருமில்லை என்று பிணத்தின் முன்னாலேயே கணக்குப் பார்க்கிறாள். முன்பு தவத்தில் உன் புலன்களை வென்றாய், அந்தப் பகையை மறக்காமல் அவை இப்போது உன்னை வென்றுவிட்டன என்கிறாள். வீட்டில் எத்தனை தரம் சொல்லிப் பார்த்து அலுத்தவளோ.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. முகத்திரை இல்லாமல், நகர வாசலைத் தாண்டிக் கால்நடையாக வந்திருக்கிறேன், உனக்குக் கோபம் வரவில்லையா என்று செத்தவனிடம் கேட்கிறாள். இராவணன் மனைவி தெருவில் இறங்கி நடந்த நாள் அதுதான் போலும். கதை இங்கேதான் தொடங்கவேண்டும். மார்பைத் தழுவும் இடத்தில் இல்லை, வாசலுக்கும் களத்துக்கும் நடுவில்.

நூலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன்.

மே 17

நடப்பதை எழுத வரவில்லை. ஒப்பாரியாக எழுதினால் பொய்யாக இருக்கிறது. தவழும் வயதில் இந்திரசித்து இரண்டு சிங்கங்களைப் பிடித்துவந்து முற்றத்தில் சண்டைக்கு விட்டான் என்று கம்பனில் மகன் செத்தபோது அழுதவள் அவள். அதை நடுவில் செருகிப் பார்த்தேன். சரிவரவில்லை. நடந்துகொண்டிருப்பவளுக்கு அவ்வளவு கோவையாக நினைவு வருமா?

இரவு தேத்தண்ணி குடிக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். 1995 ஒக்டோபர் 30, போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த நாள். யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழிப் பாலம் வழியாக மழையில் வந்தது. எனக்கு ஆறு வயது. அப்பா செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"நடக்கேக்க என்ன யோசிச்சனீங்கள் அம்மா?"

"என்னத்தை யோசிக்கிறது. செருப்பு வார் அறுந்துபோச்சு. ஒற்றைச் செருப்போட நடக்கிறதோ, மற்றதையும் கழட்டி எறியிறதோ எண்டு பாலம் மட்டும் அதுதான் யோசினை."

"அப்பாவை நினைக்கேல்லையா?"

"நீ இடுப்பில. குடை வேறை. எங்கயடி நேரம்?"

மே 18

மண்டோதரிக்குச் செருப்பு உண்டா? பாதுகை என்று எழுதிப் பார்த்தேன், பரதன் வந்து நிற்கிறான். அடித்துவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: 'வாசல் தாண்டியதும் கல் குத்தியது. இந்த ஊர்த் தெருவில் இவ்வளவு கல் கிடக்கிறதென்று எனக்குத் தெரியாது.'