சூடை கத்திய நாட்கள்

இனப்பெருக்கம் என்ற அலகு வந்தால் "வீட்டில வாசிச்சுப் பாருங்கோ, சோதினைக்கு வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குத் தாவிவிடுகிற விஞ்ஞான ஆசிரியர்கள் நிறையப் பேர். நானும் தாவியவள்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆணும் பெண்ணும் கலந்த வகுப்பு. மாதவிடாய் என்று கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் கடைசி வாங்கில் சிரிப்புத் தொடங்கும், முன்வாங்குப் பெண்பிள்ளைகள் கொப்பிக்குள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இந்த அலகைப் படிப்பிக்கப் பூனையை நான் தேடிப் போகவில்லை. திருகோணமலை, ரோட்டில் மான் நடக்கிற ஊர், ஆனாலும் மானைப் பற்றி ஒரு பிள்ளையும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை. பூனை அப்படியில்லை, மீன் வெட்டுகிற வீடெல்லாம் அதன் வீடு. ஒருநாள் காலை முதல் பாடவேளையிலேயே மேசையில் படுத்துவிட்ட ஒரு பொடியனை எழுப்பி ஏன் நித்திரை என்று கேட்டேன். "இரவு முழுக்கச் சூடை கத்தினது டீச்சர்." சூடை அவர்கள் வீட்டுப் பெட்டைப் பூனை, சூடை மீனைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காததால் அந்தப் பெயர். ஏழு மாதக் குட்டி. பூனை அழுதால் வீட்டுக்குக் கூடாது என்று அம்மம்மா அதைக் குசினிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். "வயித்துக் குத்தோ டீச்சர்? நிலத்தில உருளுது, முதுகைத் தடவினா பின்பக்கத்தைத் தூக்கி, பின்னங்காலால மிதிச்சு மிதிச்சு வாலை ஒரு பக்கமா வைக்குது."

வகுப்பில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. "எங்கட பூனையும் அப்பிடித்தான்" என்று நாலைந்து குரல் வந்தது. மனிசரைப் பற்றி என்றால் வாய் திறக்காத பிள்ளைகள்!

சரி என்று பிடித்துக்கொண்டேன். அது நோவில்லை, சூலகத்தில் முட்டைகளைச் சுற்றியுள்ள புடைப்புகள் வளரும்போது ஈஸ்திரஜன் என்ற ஓமோன் இரத்தத்தில் கூடுகிறது, அது மூளைக்குப் போய்த்தான் இந்த உருளலும் கத்தலும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெண்களுக்கு மாதம் வருவதுபோல பூனைக்கும் ஒரு சுற்று" என்று சொல்லி, 28 நாள் வரைபையும் கீறிவிட்டேன்.

அந்தப் பொடியன் நம்பிவிட்டான். கலண்டரில் அம்மம்மா பால் கணக்கு எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் சூடை கத்துகிற நாளுக்கெல்லாம் புள்ளி வைத்திருக்கிறான். மூன்று கிழமை கழித்துத் தாள்களைக் கிழித்துக்கொண்டு வந்து என் மேசையில் அடுக்கினான். 6 நாள் கத்தல், 9 நாள் அமைதி, திரும்பவும் 7 நாள் கத்தல். "28 எங்க டீச்சர்? இரத்தமும் வரேல்ல."

அன்றிரவு இருந்து வாசித்தேன். பெண்ணின் உடலில் ஈஸ்திரஜன் போதிய அளவு ஏறினால் மூளைக்குக் கீழே இருக்கிற கபச்சுரப்பி தானாகவே எல்எச் என்ற ஓமோனை அள்ளி விடும், முட்டை வெளியேறும், கரு தங்காவிட்டால் கருப்பை உட்படை கழன்று இரத்தமாக வரும். பூனையின் கபச்சுரப்பி பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. கடுவனோடு சேர்ந்த பிறகுதான், அந்தத் தூண்டல் நரம்பு வழியாக மூளைக்குப் போய், எல்எச் பாய்கிறது. ஒன்று இரண்டு நாளில் முட்டைகள் வெளியேறும். சேராவிட்டால் புடைப்புகள் சுருங்கும், ஈஸ்திரஜன் இறங்கும், சத்தம் அடங்கும், ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் அடுத்த கூட்டம் வளரத் தொடங்கும். மாதவிடாய் என்ற பேச்சே பூனைக்கு இல்லை.

அடுத்தநாள் வரைபை அழித்துவிட்டு, நான் சொன்னது பிழை என்றேன். பிறகு பஸ் ஸ்டாண்ட் கணக்கில் விளக்கினேன். மனிசருடையது நேர அட்டவணை பஸ், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வெளிக்கிடும். பூனையுடையது ஆள் ஏறினால் மட்டும் எடுக்கிற வான். சிரித்தார்கள், ஆனால் இது வேறு சிரிப்பு. சேர்ந்து முடியும்போது பெட்டை ஏன் அலறுகிறது என்று ஒருத்தன் கேட்டான். சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். கடுவனின் உறுப்பில் பின்பக்கம் பார்த்த சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன, அந்தத் தூண்டலுக்கு அவையும் ஒரு காரணம் என்று, இதயத்துக்கு நாலு அறை என்று சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

அப்போதுதான் முன்வாங்கில் ஒரு பிள்ளை, தலை நிமிராமலே, "நேர அட்டவணை பஸ்ஸும் சிலநேரம் பிந்தும்தானே டீச்சர்?" என்றாள்.

பஸ்ஸைப் பற்றி அவள் கேட்கவில்லை. பொடியன்களுக்கு விளங்கியதோ தெரியாது, பெண்பிள்ளைகள் பக்கம் பேனை உருளும் சத்தம்கூட இல்லை. நானும் பஸ்ஸாகவே பதில் சொன்னேன். ஓம், புதிதாக ஓடத் தொடங்கின முதல் இரண்டு மூன்று வருடம் பிந்தும் முந்தும், 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும், அது பழுதில்லை. மூன்று மாதம் வரவேயில்லை என்றால் மட்டும் அம்மாவிடம் சொல்லி டொக்டரிடம் காட்ட வேண்டும். அவள் கொப்பியில் 45 என்று எழுதி வட்டம் போட்டதைப் பார்த்தேன். அந்த அலகில் நான் ஒழுங்காகப் படிப்பித்தது அந்த இரண்டு நிமிடம்தான் என்று இப்பவும் நினைக்கிறேன்.

ஒரு தாய் வந்து, பிள்ளைகளுக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்டுவிட்டுப் போனார். பூனைப் பாடம் என்றேன். பாதிப் பொய்.

புத்தகங்களில் இன்னொன்றும் எங்களுக்குப் பொருந்தவில்லை. வசந்தத்தில் பகல் நீளும்போது பூனைக்குப் பருவம் தொடங்கும் என்று இருக்கும். லண்டனில் கோடைப் பகல் 16 மணித்தியாலத்துக்கு மேல், குளிர்காலத்தில் 8கூட இல்லை, அங்கே அது சரி. எங்களுக்கு ஆனிக்கும் மார்கழிக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். கச்சான் காற்றிலும் கத்தும், மாரி மழையிலும் கத்தும். இதைச் சொன்னதும் "அது எங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றார்கள் ஒரே குரலில்.

சூடை அடுத்த முறை கத்தியபோது குசினி யன்னல் வழியாகப் பாய்ந்து இரண்டு இரவு வீட்டுக்கு வரவில்லை. பொடியன் கலண்டரில் புள்ளிக்குப் பதிலாகப் புள்ளடி போட்டான். ஒன்பது கிழமை, 63 நாள் என்று வகுப்பே எண்ணியது. 64ஆம் நாள் அரிசி மூட்டைக்குப் பின்னால் நாலு குட்டி, இரண்டு தாயைப்போல சாம்பல் வரி, ஒன்று கறுப்பு, ஒன்று கறுப்பும் மஞ்சளும் கலந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு சந்தையாகிவிட்டது, பக்கத்து வகுப்பு சேர் எட்டிப் பார்த்தார்.

பால் குடுத்துக்கொண்டிருக்கும்போதே அது திரும்பக் கத்தத் தொடங்கலாம், கவனம் என்று பொடியனுக்குச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வந்து நின்றான். "டீச்சர், அம்மம்மா கேட்டு வரச் சொன்னவா. அந்தக் குட்டி போடாமச் செய்யிற ஒப்பரேசனுக்கு மிருக வைத்தியரிட்ட எத்தினை மணிக்குப் போகோணுமாம்?"