நிலைக்காலில் ஈர மண்

ஐப்பசி முதல் மழை ஓய்ந்த அந்தியில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பது ராமநாதபுரத்தை அடுத்த எங்கள் உச்சிப்புளிப் பக்கம் ஆண்டுதோறும் நடப்பதுதான் என்பதால், சென்ற முறையும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் காலையில் வீட்டைப் பெருக்கியபோதுதான், சிறகுகள் சன்னலடியில் கிடக்காமல், உள்ளறைக் கதவின் நிலைக்கால் தரையைத் தொடும் இடுக்கில் குவிந்து கிடப்பதைக் கண்டேன். நான்கு சிறகும் ஒரே நீளம்; அப்படியானால் ஈசல், அதாவது இறக்கை முளைத்த கரையான்தான். இறக்கை முளைத்த எறும்பாக இருந்தால் முன்சிறகு நீண்டும் இடுப்பு ஒடுங்கியும் இருந்திருக்கும்.

நிலைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தியதும் பச்சைப் பெயின்ட் முட்டை ஓடுபோல் உள்ளே அமுங்கியது. மரத்தின் கெட்டியான ரேகைகள் மட்டும் தாள் தாளாக நிற்க, இடையே ஈர மண் அப்பியிருந்தது. அந்த மண்தான் நிலத்தடிக் கரையானின் அடையாளம். காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் இன்னொரு வகை மண்ணைச் சுமந்து வராது, ரவைபோல் எச்சத்தைத்தான் உதிர்க்கும். பக்கத்துச் சுவரில் சாந்து பொரிந்திருந்ததை உப்புக்காற்றின் வேலை என்று இரண்டு ஆண்டுகளாக நம்பியிருந்தேன். சுரண்டிப் பார்த்தால் பென்சில் பருமனில் மண்குழாய் ஓடுகிறது.

அவசரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றினேன். கண்ணில் பட்டவை செத்தன; ராணியும் கூட்டமும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததால், ஒரே மாதத்தில் எதிர் நிலைக்காலிலும் ஏறிவிட்டன. அதன் பிறகே அவற்றுக்கு ஈரமும் தீனியும் எங்கிருந்து கிடைக்கின்றன என்று பொறுமையாகத் தேடினோம். மண்குழாயின் நடுவில் ஒரு விரற்கடை உடைத்து, அவ்விடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன். இரண்டே நாளில் புது மண்ணால் அடைத்துவிட்டன. தோல் மெல்லிய பூச்சியாதலால் ஈரமும் மூடிய வழியும் இல்லாமல் அதனால் நடமாட முடியாது. ஈரம் வந்தது குளியலறைச் சுவருக்குள் கசிந்த தண்ணீர்க் குழாயிலிருந்து. தீனி, சுவரோரம் நாங்களே அடுக்கிவைத்த கருவேல விறகும் பனைமட்டையும். (அப்பத்தா காலத்து அடுப்படியில் கூரை தாங்கிய பனங்கைகளின் கறுத்துக் கெட்டிப்பட்ட வைரப் பகுதியை அவை தொடக்கூட இல்லை என்பது வேறு கதை.)

கசிவை அடைத்து விறகை அகற்றிய பிறகே மருந்தடிப்பவரை அழைத்தோம். தரையும் சுவரும் கூடும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளையிட்டு, இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதக் கரையான் மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. கலந்து இறக்கினார். இம்மருந்து இருப்பதைக் கரையான் உணராமலே அதன் மீது நடந்து, கூட்டத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்குமாம்; ஆகவே பலன் தெரியச் சில வாரங்கள் பிடித்தன. கிணற்றுப் பக்கம் மட்டும் வேண்டாமென்று தடுத்துவிட்டேன். எங்கள் மணல் எதையும் பிடித்து வைக்காது, நாங்கள் குடிப்பதோ அந்தத் தண்ணீரைத்தான். அங்கே சுவரடியைத் திறந்து வைத்து, வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பதோடு சரி.

புது நிலையின் கால்களைத் தரையில் ஊன்றாமல் கருங்கல் மீது நிறுத்தியிருக்கிறோம். சுவரில் அந்தப் பென்சில் வட்டத்தை இன்னும் அழிக்கவில்லை. மருந்துக்குப் பின் அவ்விடத்தை மறுபடி உடைத்து வைத்தேன்; மாசி பிறந்தும் அதனுள் புது மண் ஏறவில்லை.