எதுவும் தடவாத தட்டு எதற்கு?

நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி: "கிருமி வளர்க்கும் அகார் தட்டுகளோடு எதுவும் தடவாத தட்டு ஒன்றையும் ஏன் இன்குபேட்டரில் வைக்கிறோம்? அதில்தான் ஒன்றும் வளரப்போவதில்லையே?" வளராது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பேன். முறைப்பார்கள்.

கவனி, கருதுகோள் வை, சோதித்துப் பார், முடிவு சொல் என்று அம்புக்குறி போட்ட படம் பாடப்புத்தகத்தில் இருக்கும். தேர்வுக்கு அது போதும். அதற்கு மேல் வேண்டும் என்பவர்களுக்கு நான் பூஷே என்ற பிரெஞ்சு இயற்கையியலாளரின் கதையைச் சொல்வேன்.

உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றுமா என்று 1860 வாக்கில் பிரான்சில் பெரிய சண்டை. தோன்றாது, காற்றில் மிதக்கும் தூசியோடுதான் கிருமி வருகிறது என்றார் லூயி பாஸ்டர். அப்படியானால் தூசி குறைந்த இடத்தில் கிருமியும் குறைய வேண்டும் அல்லவா? ஈஸ்ட் சாறும் சர்க்கரையும் சேர்ந்த நீரைக் கொதிக்கவைத்து, கொதிக்கும்போதே குடுவைகளை மூடி, ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனியாற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திறந்து மூடினார். 20 குடுவைகளில் கெட்டது ஒன்றே ஒன்று. தன் கருத்து தப்பென்றால் எங்கே மாட்டிக்கொள்ளும் என்று யோசித்து அங்கேயே போயிருக்கிறார் மனிதர்!

உயிர் தானாகத் தோன்றும் என்று வாதிட்ட ஃபெலிக்ஸ் பூஷே விடவில்லை. 1863இல் இரண்டு பேரோடு பிரெனீஸ் மலையேறி அதே மாதிரி செய்தார். எல்லாக் குடுவையிலும் கிருமி வளர்ந்தது. அவர் ஏமாற்றவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், அவர் எடுத்துப்போனது காய்ந்த புல்லை ஊறவைத்த நீர். அப்புறம் விசாரணைக்கு அமைத்த குழுவிடமிருந்து பூஷே விலகிக்கொண்டார், பாஸ்டர் ஜெயித்தார். ஆனால் ஏன் வளர்ந்தது என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

1876இல் ஃபெர்டினாண்ட் கோன் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் விடை கண்டுபிடித்தார். புல்லில் இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா ஸ்போராக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவமாக, மாறிக்கொள்ளும். ஸ்போர் கொதிநீரில் சாகாது, ஆறிய பிறகு முளைக்கும்.

சரி, திறக்காத குடுவை ஒன்றையும் பூஷே ஒப்பீட்டுக்கு வைத்திருந்தால் தெரிந்திருக்குமா? இதைக் கேட்டால் வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள். தெரிந்திருக்காது. கொதிக்கும்போதே மூடியதால் உள்ளே காற்று கிடையாது, இந்த பாக்டீரியா வளர ஆக்சிஜன் வேண்டும். ஆகவே திறக்காத குடுவை தெளிவாகவே இருந்திருக்கும், கிருமி வெளியிலிருந்து வந்தது என்றே தோன்றியிருக்கும். உள்ளே ஸ்போர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, தூசி வடிகட்டிய காற்றை விட்ட குடுவை ஒன்று வேண்டும். ஒப்பீட்டுக்கு ஏதோ ஒன்றை வைத்தோம் என்பது போதாது. எந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அதை வைக்கிறோம் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். உயிரியலில் கஷ்டமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்று எங்கள் ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவி, 121 டிகிரியில் ஓடுவது இந்த ஸ்போர்களுக்காகத்தான். அது ஒழுங்காகக் கொல்கிறதா என்று பார்க்க, வெப்பத்தை நன்றாகத் தாங்கும் வேறொரு பாக்டீரியாவின் ஸ்போர் தடவிய தாள்பட்டை ஒன்றை உள்ளே வைத்து ஓட்டுவோம். பிறகு அதை வளர்ப்பு ஊடகத்தில் போடுவோம், எதுவும் வளரக் கூடாது. கூடவே, ஆட்டோகிளேவுக்குள் போகாத பட்டை ஒன்றையும் போடுவோம். அதில் கட்டாயம் வளர வேண்டும். வளரவில்லையென்றால் பட்டையிலோ ஊடகத்திலோ கோளாறு, முதல் பட்டையில் ஒன்றும் வளராததைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாது, புதுப் பெட்டியை உடைத்து மறுபடி ஓட்டுவோம்.