பாட ஆய்வுக்கு முதலில் நேரம் ஒதுக்குங்கள்

ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் கவனித்து, பிறகு கூடிப் பேசும் ஜப்பானியப் பள்ளிகளின் முறை, 'ஜுக்யோ கென்க்யூ' எனும் பாட ஆய்வு. அதைத் தொடங்க விரும்பும் தலைமையாசிரியர்கள், சுற்றறிக்கைக்கு முன் கால அட்டவணையைத் திருத்துங்கள். நான்கைந்து ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்க வேண்டும். பள்ளி விட்டபின் கூட்டினால் ஆள் குறைந்துகொண்டே போகும்.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் ஒரே ஒரு பாடத்தை எடுங்கள், பின்னக் கூட்டல் மாதிரி. பாடக்குறிப்பைச் சேர்ந்து எழுதுங்கள். வரக்கூடிய தவறான விடைகளும் (1/2 + 1/3 = 2/5) அதில் இருக்கட்டும். ஒருவர் நடத்தும்போது மற்றவர்கள் கவனிக்க வேண்டியது பிள்ளைகளின் நோட்டை. ஆளுக்கு மூன்று பிள்ளைகள் போதும். பிறகு, நடத்தியவரே முதலில் பேசட்டும்.

தலைமையாசிரியர் மதிப்பீட்டுப் படிவத்தோடு வந்து உட்கார்ந்தால் எல்லாம் கெட்டது. அதன்பின் ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும். பாடத்தைக் கவனித்தவர்கள் எழுதும் குறிப்புகள் பணி மதிப்பீட்டுக்குப் போகாது என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.