நடுக்கம் கையிலா, படத்திலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பார்க்கின்சன் நோயாளி ஒருவரை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போக, மகனோ மகளோ ஒரு நாள் வேலையை விட வேண்டியிருக்கிறது. அதனால் வீட்டிலிருப்பவரின் அசைவுகளை வீடியோவில் பார்த்து மதிப்பிடுவது எங்கள் பணியில் நிலையான பகுதியாகிவிட்டது. அதில் எங்களுக்கு இருக்கும் பெரிய கவலை ஒன்றுதான்: நோயின் குறையும் படத்தின் குறையும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். பிரித்தறியாவிட்டால் மாத்திரையின் அளவே தவறிப்போகும்.

பார்க்கின்சனில் கை சும்மா இருக்கும்போது வரும் ஓய்வு நடுக்கம் பெரும்பாலும் விநாடிக்கு 4 முதல் 6 முறை. நல்ல வீடியோவில் விநாடிக்கு 30 பிரேம், அதாவது 30 தனிப்படங்கள், இருக்கும். செம்பனைக்கு நடுவே இணைய லைன் இறங்கினால் அது 10க்கும் கீழே போய்விடும். அப்போது ஒரு நடுக்கத்துக்கு இரண்டு பிரேம் மிஞ்சுவதே அரிது. நடுக்கம் மெதுவாகத் தெரியும், சில சமயம் தெரியாமலே போகும். விரல் தட்டும் சோதனையில் விளைவு இன்னும் மோசம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து, முடிந்த வேகத்தில் 10 முறை தட்டச் சொல்கிறோம். ஓரிரு தடங்கல் இருந்தால் மதிப்பெண் 1; 3 முதல் 5 வரை என்றால் 2. மதிப்பெண் கூடினால் குறை கூடுதல் என்று பொருள். லைன் இரண்டு முறை நின்று வந்தாலே, நல்ல கைக்கும் ஒரு மதிப்பெண் ஏறிவிடும்.

ஆகவே நேரலை அழைப்பை வழிகாட்ட மட்டும் வைத்துக்கொண்டு, மதிப்பிட வேண்டியதை இன்னொரு கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்வதே சரி. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரண வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்ப வேண்டும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். இருட்டில் கேமரா தானாகவே பிரேமைக் குறைத்து விரல்களை மங்கலாக்கிவிடும். முன்பக்கக் கேமரா சில கைப்பேசிகளில் படத்தை இடவலம் மாற்றிப் பதிவு செய்யும். எனவே பின்பக்கக் கேமராதான் வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் முன் எந்தக் கை என்று வாய்விட்டுச் சொல்வதும் அவசியம்.

"தாத்தா, இப்ப வலது கை. நல்லா விரிச்சு வேகமா தட்டுங்க." பேத்தி இவ்வளவு சொன்னால் போதும். பாசத்தில் "ஒண்ணு, ரெண்டு" என்று கூடவே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கை சீராக அசையும், நோய் மறைந்துகொள்ளும். கூடவே தட்டிக் காட்டுவதும் அப்படித்தான்.

எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனைக்கு அளவுநாடா தேடி அலைய வேண்டாம். 30 சென்டிமீட்டர் டைல்ஸ் என்றால் பத்துக் கட்டம். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரோடு சேர்த்துப் போடுங்கள். நேரத்தை நம் கட்டளையிலிருந்து அளக்கக் கூடாது, குரல் போய்ச் சேரத் தாமதமாகும். பதிவில் பார்த்தே அளக்க வேண்டும். கைலி முழங்காலை மறைப்பதோடு காலடியையும் குறுக்கும், அதனால் அரைக்கால் சட்டை நல்லது. நடக்கும்போது ஒருவர் சற்றுப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் வெறுங்கையோடு நிற்க வேண்டும். படமெடுப்பவரே தாங்கிப் பிடிப்பார் என்று நம்பக் கூடாது.

மருத்துவமனையின் அகன்ற நடைபாதையில் நன்றாக நடந்து காட்டுபவர், வீட்டில் சமையலறைக் கதவு நிலைக்கு முன்னால் நின்றுவிடுவார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும்; குதிகால் மட்டும் எழும்பும், முழங்கால் துடிக்கும், உடல் முன்னே சாயும். விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், திரும்பும்போதும்தான். குறுகலான லயத்து வீட்டில் எடுத்த வீடியோ இதைக் காட்டிக்கொடுத்துவிடும். வீடியோ மதிப்பீட்டுக்கு இது ஒன்றே போதுமான நியாயம் என்பது எங்கள் எண்ணம்.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையைக் கடைசியாகப் போட்டது எத்தனை மணிக்கு என்று தெரியாத வீடியோவால் பயன் குறைவு. காலை மாத்திரைக்குச் சற்று முன் ஒன்று, போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒன்று எடுத்தால் மருந்தின் வேலை தெரியும். படத்துக்காக மாத்திரையைத் தள்ளிப்போடச் சொல்லக் கூடாது.

குரலையும் நம்ப முடியாது. தணிந்த குரலைக் கைப்பேசி தானாகவே உயர்த்திவிடும். அடுத்த அறையில் இருப்பவருக்கு அவர் பேசுவது கேட்கிறதா என்று வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

தசை இறுக்கத்தைத் தொட்டுத்தான் அறிய முடியும். பின்னாலிருந்து தோளை இழுத்துச் சமநிலை பார்க்கும் சோதனையை வீட்டாரிடம் ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது. பார்க்கின்சனை மதிப்பிட 2008இல் வெளியான எம்.டி.எஸ்.-யூ.பி.டி.ஆர்.எஸ். அளவுகோலில், அசைவுகளைப் பார்க்கும் மூன்றாம் பகுதிக்கு மொத்தம் 132 மதிப்பெண். இறுக்கத்துக்குரிய 20ஐயும் இழுப்புச் சோதனைக்குரிய 4ஐயும் கழித்தால் மீதி 108. அந்தக் கட்டங்களில் பூஜ்யம் போட்டால் சோதித்துப் பார்த்தோம், குறையில்லை என்றாகிவிடும். அடுத்து நேரில் பார்ப்பவர் நோய் திடீரென முற்றிவிட்டதாக நினைப்பார். கட்டங்களை வெறுமையாக விட்டு, 108க்கு இவ்வளவு, வீடியோவில் பார்த்தது, மாத்திரை இத்தனை மணிக்கு என்று தாளின் மேலேயே எழுதிவிட வேண்டும்.