தௌலியில் ஒரு பூசத்துக்கு மறுநாள்

புவனேஸ்வரத்தில் லிங்கராஜரைத் தரிசித்துவிட்டு, நானும் அம்மாவும் ஆட்டோ பிடித்து தௌலிக்குப் போனோம். சுமார் 8 கிலோமீட்டர்தான். வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே மலை உச்சிக்குப் போய்விடுகிறார்கள். 1972இல் கட்டிய வெள்ளை நிற சாந்தி ஸ்தூபி அங்கே இருக்கிறது. நான் வந்ததோ கீழே இருக்கும் அசோகரின் கல்வெட்டுப் பாறைக்காக.

பாறைக்கு மேலே ஒரு யானை. முன்பாதி மட்டும்தான் செதுக்கியிருக்கிறார்கள். பின்பாதி கல்லாகவே இருப்பதால், பாறையைப் பிளந்துகொண்டு இப்போதுதான் வெளியே நடந்து வருவது போல இருக்கிறது. புத்தரின் தாய் மாயாதேவியின் கனவில் வந்த வெள்ளை யானை, அதாவது புத்தரே. அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "நம்ம பிள்ளையார் மாதிரியே இருக்காருப்பா" என்று கைகூப்பினார்.

கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், ஒன்றரை லட்சம் பேரைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனார்கள் என்று அசோகரே தன் 13ஆம் கல்வெட்டில் வருந்திச் சொல்கிறார். அந்தக் கல்வெட்டு வேறு ஊர்களில் இருக்கிறது, கலிங்க மண்ணான தௌலியில் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் வாசலில் போய் அந்தக் கணக்கைப் படிக்க அவருக்கு மனம் வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கே அதற்குப் பதிலாக, அன்று இந்தப் பகுதியில் இருந்த தோசாலி நகரத்துத் தன் அதிகாரிகளுக்குக் கட்டளை வெட்டி வைத்தார்: எல்லா மக்களும் என் பிள்ளைகள். காரணமில்லாமல் யாரையும் சிறையில் போடாதீர்கள், வதைக்காதீர்கள். பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், சோம்பல் இவற்றை வைத்துக்கொண்டு நீதி செய்ய முடியாது.

இதே பாறையின் 2ஆம் கல்வெட்டில், மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியம் செய்ய ஏற்பாடு செய்த நாடுகளோடு நம் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள். அதைச் சொன்னதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் இன்னொன்று சொன்னேன். அதிகாரிகளுக்கான அந்தக் கட்டளையைத் திஷ்ய நட்சத்திரத்தன்று எல்லோரும் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. திஷ்யம் என்றால் நம் பூசம். மாதப் பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்க்கிறவர் அம்மா. சட்டென்று நிமிர்ந்தார்.

"இன்னிக்கு என்ன நட்சத்திரம், பாரு."

செல்போனில் பார்த்தேன். ஆயில்யம்.

"அடடா, ஒரு நாள் தப்பிப்போச்சே."

நடுவில் வேறு நாட்களிலும் வாசிக்கலாம், கேட்க ஒருவரே இருந்தாலும் போதும் என்றும் அசோகர் சொல்லியிருக்கிறார். எழுத்து மறந்துபோய், 1837இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் இந்தப் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டும்வரை, பல நூற்றாண்டுகள் இதை வாசிக்க ஆளே இல்லை. நான் தமிழில் எழுதி வைத்திருந்ததை எடுத்தேன். அம்மா வெறுங்காலோடு யானையைப் பார்த்தபடி நின்றார். முதல் வரியிலிருந்து வாசித்தேன்.