கொஞ்சம் சோகமாப் போட்டுவிடுங்கோ

"படம் முடிஞ்சுது அண்ணை, மியூசிக் மட்டும்தான் பாக்கி" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் காசைப் பற்றிக் கேட்பதில்லை. எப்போது திரையிடுகிறீர்கள் என்றுதான் கேட்பேன். அடுத்த கிழமை என்பார்கள். கமெரா வாடகை, வான் டீசல், ஆட்களின் சாப்பாடு எல்லாம் போக மிஞ்சிய காசும் மிஞ்சிய நாளும்தான் பின்னணி இசைக்கு. கிளிநொச்சியில் இருந்துகொண்டு படங்களுக்கு இசையமைக்கிறவன் பந்தியில் கடைசி ஆள். சாம்பார் இருந்தால் சோறு இருக்காது.

இலங்கையில் தமிழ்ப் படம் 1962 இலேயே வந்துவிட்டது. ஆனால் அதை மட்டும் நம்பி அடுப்பெரிப்பது கஷ்டம். நாகர்கோவிலில் பிறந்து இங்கே வந்த ஆர். முத்துசாமி போன்ற பெரிய இசையமைப்பாளரே சிங்களப் படங்களில்தான் பெயரெடுத்தார். எனக்குச் சோறு போடுவது தொண்டு நிறுவனங்களின் ஆவணப்படங்களும், வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊர்க் கோயிலுக்குச் செய்விக்கிற பக்திப் பாட்டுகளும்தான். யாழ்ப்பாணத்தில் 2015 இலிருந்து சர்வதேசத் திரைப்பட விழா நடக்கத் தொடங்கியபின் இங்கத்தைய பொடியளும் குறும்படம் எடுத்து அனுப்ப ஆசைப்படுகிறார்கள். அந்த வேலைகளில் காசு இல்லை, ஆனால் அங்கேதான் மனம் நிற்கிறது.

வேலையின் பாதி கணக்கு. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. கீபோர்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் இசை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வினாடிக்கு 25 படச்சட்டம் (ஃபிரேம்) ஓடுகிற காட்சியில், நிமிடத்துக்கு 100 தட்டு வேகம் வைத்தால் ஒரு தட்டு சரியாக 15 சட்டத்தில் விழும். 120 வைத்தால் பன்னிரண்டரை. தட்டு இரண்டு சட்டத்துக்கு நடுவில் போய்விடும், 125 வைத்தால் மறுபடி பன்னிரண்டில் வந்து நிற்கும். அரைச் சட்டம் யாருக்குத் தெரியப்போகிறது என்றால், தெரியாதுதான். ஆனால் ஒரு காட்சியில் பஸ் கதவு பதினெட்டாவது வினாடியில் சாத்தப்படுகிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் சமம், அதாவது தாளத்தின் முதல் தட்டு, விழவேண்டும். 18 வினாடிக்குள் எட்டுத் தட்டு ஆதி தாளம் நான்கு ஆவர்த்தனம் (சுற்று), அதாவது 32 தட்டு. வேகம் 106.67. இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்ட பிறகுதான் ராகம் பற்றிய யோசனை.

இப்போது போனில் எடுக்கிற படங்கள் இன்னொரு தலையிடி. போன் 30 சட்டம் என்று சொல்லும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் தானாகவே சட்டத்தைக் குறைத்துவிடும். எடிட்டர் அதைச் சீராக மாற்றாமல் அனுப்பினால், முதல் நிமிடத்தில் பொருந்தின தாளம் ஐந்தாவது நிமிடத்தில் ஓடிப்போய்விடும். பாட்டுக்கு வழக்கமான 44.1 கிலோஹேர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 44,100 ஒலி மாதிரி எடுத்து, செய்த இசையைக் கவனிக்காமல் 48 இல் ஓடவிட்டால் இன்னும் மோசம். வேகமும் கூடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை சுரத்தானம் ஏறும். இந்தப் பாடத்தை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை. தொண்ணூறுகளில் வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் ரேடியோ சத்தம் தேயும். கசற் என்றால் கதை வேறு: மோட்டர் மெதுவாகி, பாடுகிறவரின் சுருதி கட்டை கட்டையாக இறங்கி, கடைசியில் பெண்குரல் ஆண்குரலாகிவிடும். சிரித்துச் சிரித்துக் கேட்டிருக்கிறோம். வேகமும் சுருதியும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று அப்போதே தெரியும்.

வாத்தியக்காரரைக் கூட்டிவருவதும் லேசில்லை. வைகாசி பிறந்தால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், பிறகு ஊருக்கு ஊர் திருவிழா. நாதஸ்வரக்காரர் கையில் அகப்படமாட்டார். ஒருமுறை ஒரு கலியாண வீட்டுக் காட்சிக்காகப் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தோம். அவருடைய வாத்தியத்தின் சுருதி இரண்டரைக் கட்டை. என் கீபோர்டின் இரண்டரைக்கும் அவருடைய இரண்டரைக்கும் மயிரிழை வித்தியாசம். நான் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை மாற்றிப் பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு, "தம்பி, இது மரம். உம்மடை பெட்டியிலதானே திருகாணி கிடக்கு, அதை ஏத்தும்" என்றார். ஏற்றினேன். முழுப் படத்தின் சுருதியும் அவருக்காக நகர்ந்தது. மைக்கை வாத்தியத்தின் அணைசுக்கு, அதாவது விரிந்த அடிவாய்க்கு, நேரே வைத்தால் சத்தம் வெடித்துவிடும். ஏழெட்டு அடி தள்ளி, பக்கவாட்டில் வைத்தோம். தகரக் கூரை அதிர்ந்ததால் மண்டபத்தின் யன்னலெல்லாம் திறந்துவிட வேண்டியதாயிற்று. திறந்தால் மயில். வன்னியில் றெக்கோடிங் செய்கிறவனுக்கு மயிலைப் போல எதிரி இல்லை; விடியலில் மயில், பகலில் லாண்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரம், மாரி காலத்து இரவில் தவளை. இடைப்பட்ட நேரத்தைத் தேடித்தான் எங்கள் வேலை.

இதெல்லாம் தொழில்நுட்பம், சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது "கொஞ்சம் சோகமாப் போட்டுவிடுங்கோ" என்கிற வசனம்.

வன்னி என்றால் வயலின் அழவேண்டும் என்று எங்கேயோ முடிவாகிவிட்டது. வெளியிலிருந்து வருகிற இயக்குநர்கள் எடிட் செய்யும்போதே ஏதாவது ஒரு சென்னைப் படத்தின் சோக இசையைத் தற்காலிகமாகப் போட்டுவைத்திருப்பார்கள். நாலு கிழமை அதையே கேட்டுக் கேட்டுக் காது பழகிவிடும். பிறகு நான் என்ன கொடுத்தாலும் அது மாதிரி இல்லை என்பார்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிற ஒரு அக்காவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று வந்தது. கணவர் இல்லை, காலில் காயம். படம் தொடங்கினதிலிருந்து ஒரே ஒப்பாரி இசை. ஆனால் அந்த அக்கா கமெராவைப் பார்த்துச் சொல்வது என்ன? பக்கத்து வீட்டுக்காரர் தண்ணி கலந்த பாலைக் கொண்டுவந்து பால்மானியில் பிடிபட்ட கதை. சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறா. அந்தச் சிரிப்புக்கு மேலேயும் வயலின் அழுதுகொண்டிருந்தது. பார்க்கிறவனுக்கு அவ சிரிப்பது ஏதோ சித்தம் கலங்கியது போலத் தெரியும்.

நான் அந்த இடத்தில் இசையை முற்றாக எடுத்தேன். கதை முடிந்து அவ வாளியைத் தூக்கும்போது மண்டலினில் நாலு சுரம், பின்னால் மெல்லிய உடுக்கு. இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. காசு தருகிறவர்களுக்கு மனம் இளகாது என்றார். "ஐயா, அவ இளகச் சொல்லிக் கேக்கேல்லையே" என்றேன். கடைசியில் முதல் ஐந்து நிமிடம் அவருக்கு, மிச்சம் எனக்கு என்று பங்கு பிரித்தோம். முழு வெற்றி இல்லைதான். ஆனால் அந்தச் சிரிப்பு தப்பிவிட்டது.

துக்கமான காட்சிக்குத் துக்கமான இசை போடவே கூடாது என்று நான் வாதாடவில்லை. தேவையான இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்திலும் சிலவேளை இசையே வேண்டியதில்லை. முள்ளிவாய்க்காலில் மகனைத் தொலைத்த ஒரு அம்மா அவனுடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற காட்சிக்கு என்னிடம் ஒரு சுரமும் இருக்கவில்லை. அவவின் மூச்சே போதும் என்று விட்டேன். அந்த முறை இயக்குநரும் ஒன்றும் பேசவில்லை.

2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது வேலையெல்லாம் நள்ளிரவுக்குப் போனது. லப்டொப் பற்றரி இறங்குவதற்குள் ஒரு காட்சி. கணினிக்குள்ளேயே வாத்தியம் போல ஒலிக்கிற கனமான மென்கருவிகளைத் திறந்தால் பற்றரி குடித்துவிடும் என்று இரண்டு மூன்று வாத்தியத்தோடு முடித்த படங்கள் அவை. இப்போது கேட்டால் அந்த ஆண்டு செய்தவைதான் எனக்குக் கூடுதலாகப் பிடிக்கின்றன. காட்சிக்கு இருபது வாத்தியம் வேண்டும் என்பது பெரும்பாலும் நம்முடைய பயம்.

உரிமைப் பணம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இசையமைத்தவனுக்கு உரிமை தருகிறது. ஒப்பந்தக் கடதாசியின் கடைசிப் பந்தி அதை வாங்கிவிடுகிறது. கையெழுத்து வைக்கமுதல் அந்தப் பந்தியை வாசியுங்கோ என்று மட்டும் பொடியளுக்குச் சொல்வேன்.

இப்போது படம் முடிந்தபின் வருகிறவர்களைவிட, கதை எழுதும்போதே வருகிறவர்களுக்குத்தான் நேரம் ஒதுக்குகிறேன். காட்சி எடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒருவரும் பேசாமல் ஒரு நிமிடம் சத்தம் பிடித்துத் தாருங்கள் என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுவார்கள். அடுத்த மாதம் மாங்குளத்தில் ஒரு படப்பிடிப்பு, ஒலிக்கு ஆளில்லையாம். றெக்கோடரோடு நானே போகிறேன். சம்பளம் இல்லை, சாப்பாடு அவர்கள் பொறுப்பு. இந்த முறை பந்தியில் முதல் ஆளாக உட்காரலாம் என்று நினைக்கிறேன்.